சாலைக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4

சக்கரத்துக்கு,

ஃபோன் எடுக்காத மலையில் போய் உட்கார்ந்துகொண்டு மனுஷியைக் கையால் எழுத வைக்கிறாய். என் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நாளெல்லாம் கோடு போடுகிற கைக்கு எழுத்து வளைய மாட்டேன் என்கிறது. சப்ளை ஜீப் எப்போது மேலே வருமோ, இது எப்போது உனக்குக் கிடைக்குமோ.

பனி விட்டதும் வருகிறேன் என்றாய். இங்கே மின்விசிறி போட ஆரம்பித்துவிட்டோம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று உனக்கு இந்தப் பெயரை வைத்தது நான்தான். ஆனால் அந்தச் சக்கரம் ஒருநாளாவது வீட்டுப் பக்கம் உருளக் கூடாதா?

வீட்டு வாசல் சாலை முடிந்துவிட்டது. நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. முன்பு கையில் டம்ளரோடு தாண்டிப் போய் எதிர்க்கடையில் பேசிவிட்டு வருவோமே, அந்தச் சாலை இல்லை இது. நடுவில் இடுப்புயரச் சுவர், அதன்மேல் கம்பி. நூலகம், முடிவெட்டும் கடை, அப்பா உட்காரும் பூங்கா எல்லாம் அந்தப் பக்கம். நாமும் தையல்காரரும் பஸ் நிறுத்தமும் இந்தப் பக்கம். எதிரே தெரிகிற வாசலுக்குப் போக, தூரத்துச் சிக்னல்வரை நடந்து திரும்பி வரவேண்டும். அப்பா இரண்டு முறை போய்ப் பார்த்தார். மூன்றாவது முறை சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், பிறகு சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டார்.

அதற்குத்தான் நல்ல செய்தி வைத்திருக்கிறேன். அங்கே நடைமேம்பாலம் வரப்போகிறது. அதை வரையும் வேலையை எங்கள் சாலைத்துறை ஆபீஸ் சீஃப் என்னிடம் கொடுத்திருக்கிறார். அடுத்தவர் படத்தில் சாக்கடை மூடிகளைக் குறித்துக்கொண்டிருந்தவளுக்கு இது முதல் சொந்த வேலை. என்னால் உட்கார முடியவில்லை. கையில் பென்சிலோடு அலுவலக வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறேன். பியூன், "யாரையாவது தேடுறீங்களா மேடம்?" என்று கேட்டார். பாலத்தைத் தேடுகிறேன் என்று சொல்ல முடியுமா?

அக்கா


மார்ச் 19

ஸ்கேல் அக்காவுக்கு,

வாழ்த்துகள். சொந்தப் பாலம்! ஒருநாள் அதன்மேல் நின்று கீழே போகிறவர்கள் தலையில் நிலக்கடலைத் தோலைப் போடுவேன்.

இங்கே முகாமுக்கு இந்தப் பருவத்தின் முதல் மலையேற்றக் கூட்டம் வந்துவிட்டது. விலை உயர்ந்த பூட்ஸ், காலில் கொப்புளம். கணவாய்வரை கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தேன். ஒரு அம்மா உச்சியில் உட்கார்ந்து அழுதார். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல தம்பி, இவ்ளோ தூரம் ஒரே நேரத்துல பாத்ததில்ல" என்றார். எனக்கும் எதையோ பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும் என்ற அரிப்புதான். ஆனால் நான் அழுவதில்லை, அடுத்த மலைக்குப் போய்விடுகிறேன்.

உனக்குப் பிடிக்கிற விஷயம் ஒன்று. முகாம்காரர் ஊற்றுக்குப் போக அழகாகக் கல் பாவி, வளைத்து ஒரு பாதை போட்டார். ஒருவரும் அதில் போவதில்லை. எல்லோரும் புல்லைக் குறுக்கே மிதித்துக்கொண்டு போகிறார்கள். பாதை போட்டவரே குடத்தோடு குறுக்கேதான் போகிறார். யாரும் வரையாத அந்தத் தடம் இப்போது தெளிவாக இருக்கிறது. செருப்புகள் வரைந்தது.

ஒன்று கேட்கட்டுமா? கோபிக்காதே. உன் பாலத்தில் அப்பா ஏறுவாரா?

வராததற்குக் காரணம் கேட்டிருந்தாய். வந்தால் இரண்டாவது நாளே சுவரெல்லாம் என்னைப் பார்க்க ஆரம்பித்துவிடும். இங்கேயும் நிம்மதி இல்லை. முகாம்காரருக்கு மூச்சிரைப்பு. முகாமை நீயே வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள் என்கிறார். ஒரே இடத்தில் வருஷம் முழுக்கவா? கேட்டதிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் முதுகில் எறும்பு ஊர்கிறது.

சக்கரம்


ஏப்ரல் 6

தம்பிக்கு,

கோபிக்காதே என்று எழுதிவிட்டுக் கேட்டால் கோபம் வராதா?

அப்பா ஏற மாட்டார். எனக்குத் தெரியாதா? அவர் கழிப்பறைப் படி ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் விடுவாரே, அதைத் தினமும் கேட்கிறவள் நான். முதல் படத்திலேயே லிஃப்ட் போட்டிருந்தேன். பராமரிக்க ஆள் கிடையாது என்று மேலே அடித்துவிட்டார்கள். சாய்தளம் வரைந்தேன், இடம் இல்லை. மிச்சம் இருப்பது படிதான். அந்தப் படியையாவது அகலமாக, நடுவே நின்று மூச்சுவிட இடம் வைத்து வரையலாம் என்று போராடிக்கொண்டிருக்கிறேன். நீ மலைமேல் நின்று நிலக்கடலைத் தோல் போடுகிறாய்.

செருப்பு வரைந்த பாதையாம். இங்கே செருப்பு வரைய விட்டால் லாரி அதை அழித்துவிடும்.

அப்பா நாளெல்லாம் பஸ் ஓட்டினவர், இப்போது நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வண்டிகளைத் திட்டுகிறார். "அவன் இண்டிகேட்டர் போட்டானா பாரு." படிக்க ஒரே புத்தகம். பனிக்கடலில் ஒரு கப்பல் மாட்டிக்கொண்ட கதை, நூலகத்தில் எடுத்தது, முதல் பாகம். கப்பலைப் பனி நெருக்குகிற இடத்தில் பாகம் முடிந்துவிடுகிறது. இரண்டாம் பாகம் அந்தப் பக்கம். முதல் பாகத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறார். நான் ஆபீஸ் விட்டு வரும்போது எடுத்து வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்கு?"

"உங்களால போக முடியலையேப்பா."

"யாரு சொன்னா முடியலைன்னு? ரோடுதான் முடியலைங்குது. என் புஸ்தகத்தை நானே போய் எடுத்துக்குவேன்."

அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடிவாதத்தில் நீ யார் மாதிரி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஒருநாள் வந்து இரு. ஒரே ஒரு வாரம். இவரைவிட்டு நான் எங்கேயும் போய் எத்தனையோ காலமாகிறது. கடையில் நின்றால்கூட கால் வீட்டுப் பக்கம் இழுக்கிறது.

அக்கா


ஏப்ரல் 14

தம்பி,

அப்பாவுக்கு அடிபட்டுவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. இதை முதலில் எழுதிவிட்டேன், இனி மெதுவாகப் படி.

நான் ஆபீஸில் இருந்தேன். தையல்காரர் பார்த்திருக்கிறார். கூப்பிட்டபடியே ஓடியிருக்கிறார், இவர் திரும்பவில்லை. இந்தப் பக்கத்தைத் தாண்டி, நடுச்சுவரில் ஏறி, கம்பியில் வேட்டி மாட்டி, அதைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் குதித்திருக்கிறார். அங்கே ஒரு ஸ்கூட்டர். ஓட்டி வந்த பெண் ஆஸ்பத்திரி நர்ஸ், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். ஒடித்துத் திருப்பி அவளும் விழுந்தாள். முழங்கை தேய்ந்து ரத்தம் வழிய, தன் துப்பட்டாவால் அப்பாவின் கையைக் கட்டித் தூக்கிப் பிடித்தபடி ஆட்டோவில் ஏற்றியவளும் அவள்தான். மணிக்கட்டு முறிவு. மாவுக்கட்டு.

நான் போய் நின்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "லைப்ரரி மூடியாச்சா?"

நான் அங்கேயே கத்திவிட்டேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வா. இந்த முறை சாக்கு எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் வந்தன. ஜீப் கொண்டுவரவில்லை, சாலையைச் சரிசெய்ய வந்த சாலைக்காரர் ஒருவர் நடந்து கொண்டுவந்தார். கணவாய்க்குக் கீழே மண் சரிந்து சாலையையே வாரிக்கொண்டு போய்விட்டது. ஜீப் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். இதை எழுதும்போதே நீ என்ன சொல்வாய் என்று கேட்கிறது. சாக்கு இல்லை, நிஜம்.

கடிதம் படித்ததும் பையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். சரிவின் ஓரம்வரை போனேன். கல் இன்னும் விட்டுவிட்டு உருள்கிறது. அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரிகிறது, சட்டையின் நிறம்கூடத் தெரிகிறது, போக முடியவில்லை, பழகின சாலைக்காரர்களைத் தவிர யாரையும் தாண்ட விடவில்லை. அங்கே நின்றபோதுதான் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றதாக நீ எழுதியது நினைவுக்கு வந்தது. நான் அதை வாசித்துவிட்டுக் கேலி செய்து பதில் எழுதியவன்.

முகாமில் பத்திரமாக இறக்க வேண்டிய கூட்டமும் இருக்கிறது. ஒருவருக்குக் காய்ச்சல். சாலைக்காரர்கள் கயிறு கட்டி வழி போட்டதும் முதலில் அவர்களை இறக்க வேண்டும்.

அப்பாவிடம் சொல். என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்லிவிடு, உனக்கு வரும்.

சக்கரம்


மே 9

தம்பிக்கு,

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதத்தையே கொடுத்தேன். படித்துவிட்டு, "மண்ணு சரிஞ்சா அப்படித்தான், டிரைவர் என்ன பண்ணுவான்" என்றார். உன்னை எப்போது டிரைவர் ஆக்கினாரோ!

அந்த நர்ஸ் பெண் வந்திருந்தாள். கையில் இரண்டாம் பாகம். ஆஸ்பத்திரியில் அப்பா புலம்பியதைக் கேட்டிருக்கிறாள். தானே எடுப்பேன் என்று முறுக்கிக்கொண்டவர் அவளிடம் மட்டும் வாங்கிக்கொண்டார். ஒரே மூச்சில் படித்து முடித்து எனக்குச் சொன்னார்: "கப்பல் உடைஞ்சுபோச்சு. அப்புறம் இறங்கி நடக்கிறானுங்கம்மா. அந்தப் பனியில, நாயை இழுத்துக்கிட்டு." இரண்டு நாளாக வீட்டுக்குள்ளேயே சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறார்.

நான் ஆபீஸில் பாலத்தின் படத்தைக் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் தரையிலேயே தாண்டுகிற வழி ஒன்றை வரைந்து சீஃப் மேசையில் வைத்தேன். நடுச்சுவரை உடைத்து, ஒரு சிக்னல்.

"பாலம் எங்க?" என்றார்.

"இதான் சார்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முன்னாடி வேற ஊர்ல இருந்தப்போ இதே மாதிரி போட்டேன்மா. பச்சை விளக்கு பாத்து இறங்கினாங்க, தாயும் பொண்ணும். வந்தவன் சிவப்பைப் பாக்கல. பாலம் ஏறி யாரும் செத்ததில்ல. எனக்கு அது போதும்."

படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! ஏறாதவர்கள் வீட்டுக்குள்ளேயே கிடப்பார்களே சார் என்று படி இறங்கும்போதுதான் தோன்றியது.

மே 10

கடிதத்தை ஒட்டவில்லை. அப்பாவைக் காணோம்.

ஆபீஸிலிருந்து வந்தேன், வீடு பூட்டியிருந்தது. சாவி தையல்காரரிடம். "பஸ் ஏறிட்டாரும்மா. நானும் சும்மா நிறுத்தத்துல காத்து வாங்குறாருன்னு நெனச்சேன். கண்டக்டர்கிட்ட ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கி உக்காந்து எனக்குக் கைய ஆட்டுனாரு."

பஸ் நிறுத்தம் மட்டும்தானே இந்தப் பக்கம் இருக்கிறது! மலையடிவாரம் போகிற பஸ் என்கிறார். ஒரு கையில் மாவுக்கட்டோடு. டெப்போவில் விசாரித்தேன், அவருக்குத் தெரிந்த பழைய டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஃபோன் போடுகிறார்கள். இதை அடிவாரம் போகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன்னிடம் வந்தால் உடனே தெரிவி. அவர் வராவிட்டாலும் தெரிவி. என்னால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.


மே 12

அக்கா,

இங்கே இருக்கிறார். நன்றாக இருக்கிறார். இதைக் கொண்டுவருகிற சாலைக்காரர் அடிவாரத்திலிருந்து உன் ஆபீஸுக்கு ஃபோனும் பண்ணுவார். நீ முதலில் உட்கார்.

அடிவாரத்தில் இறங்கி, சாலைக்காரர்களின் லாரியில் முன் சீட்டில் ஏறிச் சரிவுவரை வந்துவிட்டார். அப்போதுதான் போட்டு முடித்த கயிற்று வழியில் அவர்களில் இருவர் தாங்கிப் பிடித்துத் தாண்ட வைத்திருக்கிறார்கள். நான் காய்ச்சல்காரரை இறக்கிக்கொண்டு வருகிறேன், எதிரே அப்பா. மாவுக்கட்டுக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு.

"எங்கப்பா வந்தீங்க?"

"நீ வரல. அதான்."

திட்ட வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. நான் அழுவதில்லை என்று உனக்கு எழுதினேனே, அதை அடித்துவிடு.

படிதான் அவருக்கு ஆகவில்லை, சரிவில் நடக்கிறார். நின்று நின்று ஊற்றுவரை போய் வருகிறார், குறுக்குத் தடத்தில்தான். அந்த லாரி ஓட்டுநர் வளைவில் கியர் போடுவது சரியில்லை என்று அவருக்கும் இவருக்கும் ஏற்கெனவே பேச்சு வார்த்தை இல்லை.

உன்னிடம் சொல்லாமல் வந்ததற்குக் கேட்டேன். "சொன்னா அவ லீவு போட்டுக் கூட வருவா. அப்புறம் வழியெல்லாம் தண்ணி குடிச்சீங்களா, குளிருதாம்பா. நான் தனியா வரணும்னு நெனச்சேன்டா." உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவர் அதைச் சொல்லும்போது சந்தோஷமாக இருந்தார்.

சக்கரம்


ஜூன் 2

தம்பிக்கு,

வலித்தது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வீட்டில் பேச ஆளும் இல்லை, அது வேறு. மூன்றாம் நாள் ஒரு விசித்திரம்: ஆபீஸ் விட்டு வீட்டுக்கு விரைந்து வந்துகொண்டிருக்கிறேன், எதற்கு என்று நடுவழியில் தோன்றியது. அப்படியே திரும்பி, சிக்னல்வரை போய், அந்தப் பக்கம் போய், பூங்காவில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தேன். மறுநாளும் அதே. ஆபீஸ் படத்தில் மேலிருந்து பார்க்கிற சாலையை அங்கே பக்கவாட்டில் பார்த்தேன். கூட்டிப்போகப் பாட்டியோ பெற்றோரோ இல்லாத பள்ளிப் பிள்ளைகள், கர்ப்பிணி ஒருத்தி, பெரிய பையோடு காய்கறிக்காரர், எல்லோரும் சுவர் ஏறுகிறார்கள். ஏறியது அப்பா மட்டும் இல்லை. வண்டிகள் வேகமாகப் போவது சாலை நேராக அகலமாகக் கிடப்பதால்தான். போ போ என்று நாங்கள்தான் சொல்லியிருக்கிறோம். பிறகு நில் என்று ஒரு விளக்கு வைத்தால் எவன் நிற்பான்?

சீஃபிடம் மறுபடி போனேன். "சிக்னலே வேண்டாம் சார். அந்த இடத்துல ரோட்டோட அகலத்தையே குறைச்சிடலாம். தரையை நடைபாதை உயரத்துக்குத் தூக்கிடலாம். வண்டியெல்லாம் மெதுவா ஏறி இறங்கித்தான் போகணும். வேகமா வந்தா அவன் வண்டிதான் அடிவாங்கும்."

படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நடுச்சுவர்ல வழி விட்டு, மணல் மூட்டை வச்சு, தார் போட்டுப் பாக்கலாம். மழை வர்ற வரைக்கும். ஒரு ஆளுக்கு அடிபட்டாலும் அன்னிக்கே எடுத்துருவேன்."

முதல் நாள் ஹாரன் சத்தத்தில் தையல்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். ஒருவர் ஜன்னலை இறக்கி எனக்குப் புதுப்புது வார்த்தைகள் கற்றுக்கொடுத்தார். ஆனால் எல்லா வண்டியும் மெதுவாகத்தான் போயின. சீஃப் ஓரமாகக் குடை பிடித்து நின்றார். கர்ப்பிணி தாண்டியபோது அவர் மூச்சுப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

இப்போது நான் கேட்கிறேன், நீ கோபிக்காதே. நான் மேலே வர வேண்டும். அப்பாவைக் கூட்டிவர இல்லை. கணவாயைப் பார்க்க. ஊரெல்லாம் எப்படி நடக்க வேண்டும் என்று வரைகிறவள் நான், எங்கேயும் நடந்ததே இல்லை. ஆனால் இந்த மணல் மூட்டைகளை யாராவது தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ கீழே வந்து வீட்டில் இருக்கிறாயா?

அக்கா


ஜூன் 20

அக்கா,

சுவர் என்னைப் பார்க்கத்தான் செய்கிறது. உன் அறையில் படுத்தால் அளவுகோல்கள் குத்துகின்றன. முகாம்காரர் என் பதிலுக்காக அங்கே காத்திருப்பதும் குத்துகிறது. ஆனாலும் இருக்கிறேன்.

நீ மேலே போக, நான் கீழே வர, பஸ் ஸ்டாண்டில் சந்தித்தபோது நீ சொன்னதெல்லாம் செய்கிறேன். சரிந்த மூட்டையைத் தூக்கி வைக்கிறேன். நானும் அந்தப் பக்கம் போகிறேன், காரணமில்லாமல், வருகிறேன், மறுபடி போகிறேன். தையல்காரர், "உங்கப்பாவுக்கு மேல இருக்கீங்க தம்பி" என்கிறார்.

இன்று காலை ஆபீஸ் லாரி வந்தது. மூட்டைகளை எடுக்க. யாருக்கும் அடிபடவில்லை, கார்க்காரர்கள் மேலே மனு கொடுத்திருக்கிறார்கள், வண்டிகள் தேங்குகின்றனவாம். உன் சீஃபும் வந்திருந்தார். என்னைப் பார்த்து, "ஆர்டர் வந்துருச்சு தம்பி" என்றார், தரையைப் பார்த்தபடி.

நான் என்ன செய்ய? சண்டை போட எனக்கு உன் சட்டம் தெரியாது. சாலையைத் தாண்டினேன். வேறொன்றும் தோன்றவில்லை. திரும்பி வந்தேன். மறுபடி தாண்டினேன். லாரி பின்னால் வரமுடியாமல் நின்றது. தையல்காரர் கழுத்தில் டேப்போடு என் பின்னால் இறங்கினார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த நர்ஸ் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தாள். பிறகு கர்ப்பிணி, காய்கறிக்காரர், முடிவெட்டும் கடைக்காரர், பாதி முடி வெட்டிய ஒருவர் துணி போர்த்தியபடி. யாரும் கோஷம் போடவில்லை. தாண்டுகிற இடத்தில் தாண்டினோம், அவ்வளவுதான். போனவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

சீஃப் கையிலிருந்த குடையை மடக்கினார். பிறகு லாரிக்காரரிடம், "இன்னிக்கு எடுக்க முடியாது, ஆள் நடமாட்டம் இருக்கு" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். என்னிடம் வந்து, "திங்கட்கிழமை மீட்டிங். வரைஞ்சவங்க வந்து பேசட்டும். இதுக்கு மேல என்னால தள்ள முடியாது" என்றார்.

கணவாயைப் பார்த்துவிட்டாயா? பார்க்காவிட்டால் பார்த்துவிட்டு வா என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை. அப்பாவையும் கூட்டிவா, அவர் மீட்டிங்கில் வந்து நின்றால் யார் மறுப்பார்கள்?

சக்கரம்


ஜூன் 22

தம்பிக்கு,

பார்த்துவிட்டேன். நேற்று. அழவில்லை, உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பெரியதில் யாரும் ஒரு கோடுகூடப் போடவில்லையே என்று முதலில் பயமாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்தது. இறங்கி வந்தால் உன் கடிதம்.

அப்பாவிடம் வாசித்தேன். பாதி முடி வெட்டியவர் வந்த இடத்தில் இருமல் வருமளவுக்குச் சிரித்தார். கிளம்புங்கள் என்றேன். மாட்டேன் என்றார்.

"நான் வந்து கையக் காட்டிக்கிட்டு நின்னா, ஒரு கிழவனுக்காகப் போட்டதுன்னு ஆயிரும். நாளைக்கு நான் போய்ட்டா எடுத்துருவானுங்க. தெருவுக்குப் போட்டதுன்னு இருக்கட்டும். நீ போய்ப் பேசு."

"தனியா இருப்பீங்களாப்பா?"

"தனியா எங்க? சின்னவன் வந்து முகாமைப் பாத்துக்கப் போறான்ல?"

முகாம்காரரிடம் நீ சம்மதம் என்று இவரே சொல்லி வைத்திருக்கிறார். நீயாக வந்து இல்லை என்று சொன்னால்தான் உண்டு. இதில் நான் தலையிட மாட்டேன்.

இவரை விட்டுவிட்டு வருகிறேன், இந்த முறை கால் பின்னால் இழுக்கவில்லை. சரிந்த சாலையைச் சரிசெய்துவிட்டார்கள், நாளைக் காலை ஜீப்பில் இறங்குகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் கிளம்பும் பால் வண்டியில் வருகிறது. சீஃபிடம் வருகிறேன் என்று சொல். தையல்காரரிடமும் அந்த நர்ஸ் பெண்ணிடமும் சொல்.

நான் வந்து சேரும்வரை யாராவது ஒருவர் சாலையில் இருக்கட்டும்.

அக்கா